மீடியம் பேடில் இறங்குமா? தாம்பரத்துச் சரக்கு விமானத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு முட்டாள்தனத்தை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். எலைட் டேஞ்சரஸ்னு ஒரு ஆன்லைன் விண்வெளி விளையாட்டு இருக்கு. விளையாடாதவங்களுக்கு ரெண்டே வரியில் சொல்றேன். நம்ம பால்வீதி அளவுக்குப் பெரிய ஒரு உலகம், அதில் உங்க கையில ஒரு விண்கலம். சண்டை போடலாம், ஊர் சுத்தலாம், சரக்கு ஏத்தி விக்கலாம். நான் மூணாவது கட்சி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல சேலையூர்ல ஒரு மொட்டை மாடி ரூம்ல உக்காந்துக்கிட்டு, ஒரு கிரகத்துல வாங்கின காபியை இன்னொரு கிரகத்துல விக்கிற ஆள்.

பல மாசம் குருவி சேர்க்கிற மாதிரி கிரெடிட் சேர்த்து, லேகான் கம்பெனியோட டைப்-7 சரக்குக் கலத்தை வாங்கினேன். வாங்குறதுக்கு முன்னாடி மதிப்பீடெல்லாம் பலமா நடந்தது. எக்ஸெல் ஷீட் போட்டேன். எத்தனை டன் ஏறும், ஒரு தாவலுக்கு எவ்வளவு தூரம் போகும், டன்னுக்கு என்ன விலை விழுது. எல்லாத்துலயும் டைப்-7 முதலிடம். சுமார் 300 டன் சுமக்கும். கிட்டத்தட்ட அதே அளவு ஏத்துற பைத்தான் கலத்துக்கு விலை மூணு மடங்குக்கு மேல. அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?

முதல் ட்ரிப். சரக்கு நிரப்பிக்கிட்டு ஒரு சின்ன எல்லைப்புற நிலையத்துக்குப் போய் இறங்க அனுமதி கேக்குறேன். மறுப்பு. திரும்பக் கேக்குறேன். திரும்பவும் மறுப்பு. விஷயம் என்னன்னா, அந்த விளையாட்டுல இறங்குற மேடைகள் சின்னது, நடுத்தரம், பெரியதுன்னு மூணு அளவு. எல்லைப்புற நிலையங்கள்ல பெரிய மேடையே கிடையாது. டைப்-7 பார்க்க நடுத்தரக் கலம் மாதிரி இருக்கும், ஆனா நடுத்தர மேடையில இறங்காது. கொஞ்சம் உயரம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். விளையாடுறவங்க நடுவுல இது பல வருஷ ஜோக். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

என் ஷீட்ல பதினோரு காலம் இருந்தது. ‘எங்கே இறங்கும்’ என்பதற்கு ஒரு காலம் இல்லை.

இந்தக் கதையை ஃப்ரெண்டுகிட்ட சொல்லிப் புலம்பினப்போ, அவன் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்த எபிசோடே பிறந்தது. “டேய், உன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஏர்போர்ஸ்காரன் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான்டா” என்றான்.

உண்மைதான். அவங்க இந்தத் தப்பைப் பண்ணலை. வேற ஒரு காலத்தை விட்டுட்டாங்க. அதுதான் இன்னைய கதை.

கேம்ப் ரோடுன்னு சொல்றோமே, அந்தக் ‘கேம்ப்’ தாம்பரம் விமானப்படைத் தளம். 1954லிருந்து விமானப் பயிற்சியாளர்களுக்கான பள்ளி அங்கேதான் இயங்குது. அதாவது விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்கிற வாத்தியார்களுக்கே பாடம் நடக்கிற இடம். சேலையூர், மாடம்பாக்கம், அகரம் பக்கம் வளர்ந்த பசங்களுக்குக் குட்டிப் பயிற்சி விமானங்களின் சத்தம் பள்ளிக்கூட மணி மாதிரி. அந்தச் சத்தங்களுக்கு நடுவுல எப்பவாவது ஒரு கனத்த உறுமல் கேக்கும். ஜன்னல் கண்ணாடி லேசா அதிரும். ரெண்டு பெரிய காற்றாடி, உடம்பு குண்டு, இறக்கை தோளுக்கு மேல. அது ஏஎன்-32. இந்திய விமானப்படையின் நடுத்தர சரக்கு விமானம்.

‘நடுத்தரம்’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்னு பார்க்கணும். யார் தீர்மானிக்கிறது அதை? எடையா, நீளமா? நம்ம நாட்டைப் பொறுத்தவரை அதைத் தீர்மானிச்சது ஒரு மலை.

1948 மே 24. காஷ்மீர்ப் போர் நடந்துக்கிட்டிருக்கு. லே நகரத்துக்குப் போக நல்ல சாலை இல்லை. ஏர் கமோடர் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை ஓட்டிக்கிட்டுப் போய், சிந்து நதிக்கரையில் அவசரமாகச் சமப்படுத்தப்பட்ட ஒரு மண் ஓடுதளத்தில் இறக்கினார். கூடவே மேஜர் ஜெனரல் திம்மய்யா. அந்த இடத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல. டகோட்டாவில் உள்காற்றழுத்தம் கிடையாது. வழியில் தாண்ட வேண்டிய மலைகள் அதைவிட ரொம்ப உயரம். அன்னைக்கு அந்த விமானம் எத்தனை டன் ஏத்திச்சுன்னு யாரும் கேக்கலை. இறங்கிச்சா? இறங்கிச்சு. படை லேவுக்குப் போக வழி கிடைச்சது.

உயரத்துல என்ன பிரச்சினைன்னு கேட்டா, காத்து. விமானம் காத்தைத் தள்ளித்தான் பறக்குது, என்ஜின் காத்தைக் குடிச்சுத்தான் எரியுது. மேல போகப் போகக் காத்து மெலியும். அப்போ இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், என்ஜினுக்குச் சக்தி குறையும், ரெண்டும் ஒரே நேரத்துல. வெயில் ஏறினா காத்து இன்னும் மெலியும். அதனாலதான் லேவில் இன்னைக்கும் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்துட்டுப் போயிடும். தாம்பரத்துல ஆறு டன் ஏத்துற விமானம், லேவிலிருந்து கிளம்பும்போதும் அதே ஆறு டன்னை ஏத்தும்னு நினைக்கக் கூடாது. கம்பெனிக்காரன் விளம்பரத்தாள்ல போடுற எண் கடற்கரைக்கான எண்.

டகோட்டாவுக்கு அப்புறம் வந்தது அமெரிக்காவின் சி-119 பாக்கெட். ரெண்டு பிஸ்டன் என்ஜின், ரெட்டை வால். சரக்கு நல்லா ஏத்தும், ஆனா மலையில் மூச்சு வாங்கும். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? முதுகு மேல மூணாவதா ஒரு ஜெட் என்ஜினைத் தூக்கி வெச்சாங்க! விளையாட்டுல நாம கலத்துக்கு ‘பூஸ்டர்’ மாட்டுவோமே, அதேதான். ‘ஜெட் பேக்’ என்றே அதற்குப் பெயர். 1962 ஜூலையில் ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே அப்படிப்பட்ட ஒரு பாக்கெட்டை தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினார். காரகோரம் கணவாய்க்குப் பக்கத்துல இருக்கிற மண் ஓடுதளம். உயரம் 16,614 அடி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே மேல். அவ்வளவு உயரத்துல ஒரு சரக்கு விமானத்தை இறக்கினது பெரிய சாதனை. அதே வருஷம் அக்டோபரில் சீனாவோடு போர் வந்தது.

இந்த அனுபவத்தோட சுமையைச் சுமந்துக்கிட்டுத்தான் 1970களில் நம்ம விமானப்படை அடுத்த சரக்கு விமானத்தைத் தேடியது. கேள்வி தெளிவா இருந்தது. டன் கணக்கு அப்புறம். முதல்ல மலையில் இறங்கி, வெயில்ல திரும்ப எழும்பணும்.

சோவியத் யூனியனில், கீவ் நகரத்து அந்தோனவ் நிறுவனத்திடம் ஏற்கெனவே ஏஎன்-26 என்று ஒரு விமானம் இருந்தது. நல்ல உழைப்பாளி, ஆனா உயரத்துக்கு என்ஜின் பத்தாது. அதன் ரெண்டு என்ஜினும் தலா சுமார் 2,800 குதிரைத்திறன். அதைக் கழட்டிட்டு, தலா சுமார் 5,000 குதிரைத்திறன் உள்ள என்ஜின்களை மாட்டினாங்க. உடம்பு கிட்டத்தட்ட அதே உடம்பு, சக்தி மட்டும் ஏறக்குறைய ரெட்டிப்பு. டிவிஎஸ் 50ல புல்லட் என்ஜின் வெச்ச மாதிரின்னு சொன்னா மெக்கானிக்குகள் சண்டைக்கு வருவாங்க, ஆனா உங்களுக்குப் புரியும்.

பெரிய என்ஜினுக்குப் பெரிய காற்றாடி வேணும். பெரிய காற்றாடி வெச்சா தரையில் இடிக்கும். அதனால என்ஜினை இறக்கைக்கு மேல தூக்கி வெச்சுட்டாங்க. அடுத்த தடவை தாம்பரம் வானத்துல ஏஎன்-32 போகும்போது கவனிங்க, இறக்கை மேல ரெண்டு பெரிய பீப்பா உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். அந்த வினோதமான தோற்றத்துக்குக் காரணம் அழகு உணர்ச்சி இல்லை, மலைதான்.

1976 ஜூலை 9 அன்று அது முதல்முறையாகப் பறந்தது. இந்தியாதான் அதன் முதல் பெரிய வாடிக்கையாளர். 1984லிருந்து நமக்கு வரத் தொடங்கின, நூற்றுக்கும் மேற்பட்டவை வந்தன. நம்ம விமானப்படை அதற்கு வெச்ச பெயர் சட்லெஜ். அதிகபட்சச் சுமை 6.7 டன். ஆள் ஏற்றினால் சுமார் ஐம்பது பேர்.

6.7 டன் என்பது பெரிய எண் இல்லை. இப்போ நம்மகிட்ட இருக்கிற சி-17 எழுபது டன்னுக்கு மேல சுமக்கும். என் எக்ஸெல் ஷீட்டுல ஏஎன்-32ஐப் போட்டிருந்தா கடைசி வரிசைக்குப் போயிருக்கும். ஆனா 2008 மே 31 அன்று, நாற்பத்து மூன்று வருஷமாக எந்த இறக்கை விமானமும் இறங்காத அதே தௌலத் பேக் ஓல்டி மண் தரையில் போய் இறங்கினது ஒரு ஏஎன்-32. முப்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லிடுச்சு. ஒரு மதிப்பீடு இதைவிட நல்லா பலிச்சு நான் பார்த்ததில்லை.

சரி, இப்போ விட்டுப்போன அந்தக் காலத்துக்கு வர்றேன்.

எலைட் விளையாடுறவங்களுக்கு ஒரு தங்க விதி உண்டு. உங்க கலம் வெடிச்சா, அதன் விலையில் ஐந்து சதவிகிதம் கட்டித் திரும்ப வாங்கிக்கலாம். அந்தத் தொகை கையில இல்லாம நிலையத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. எந்தப் புதுக் கலத்தை வாங்கும்போதும் நாம கேக்குற கேள்வி, ‘இது போச்சுன்னா என்ன ஆகும்?’ ஆச்சரியம் என்னன்னா, காசுக்கு வாங்குற பொம்மைக் கலத்துக்குச் சின்னப் பசங்க கேக்குற இந்தக் கேள்வி, நிஜ விமானங்களின் விஷயத்தில் ரொம்பத் தாமதமாகத்தான் கேக்கப்பட்டது.

ஏஎன்-32 மலைக்காகப் பிறந்த விமானம். ஆனா இந்தியா அதை மலையில் மட்டும் தொலைக்கலை. 1986 மார்ச்சில், சோவியத்திலிருந்து புத்தம்புது விமானங்களை இங்கே ஓட்டிக்கிட்டு வர்றாங்க. மஸ்கட்டிலிருந்து ஜாம்நகருக்கு அரபிக்கடல் மேல வரும்போது ஒரு விமானம் காணாமல் போனது. ஏழு பேர். விமானமும் கிடைக்கலை, ஆட்களும் கிடைக்கலை.

கடல் என்பது அன்னைக்கே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துட்டுப் போன மாதிரிதான் எனக்குப் படுது. ஏன்னா, மலைக்குன்னு வாங்கின விமானத்தை நாம கடல் மேலயும் ஓட்டினோம். வேற வழியில்லை. அந்தமான் நமக்கு இருக்கு, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. அங்கே இருக்கிற படைக்கு ஆளும் பொருளும் போயாகணும். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அந்தக் கூரியர் விமானம் வழக்கமாகப் போய்வரும். நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி, யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒரு பயணம்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. அந்தத் தேதி உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும், வேற காரணத்துக்காக. கபாலி ரிலீஸ். நான் அப்போ காலேஜ். விடியற்காலை ஷோ பார்த்துட்டு, தொண்டை கட்டிப்போய், ஏழரை எட்டு மணிக்கு கேம்ப் ரோடு ஓரமா டீ குடிச்சிக்கிட்டிருந்தோம், நாலு பேர். மேல ஏதாவது போச்சா? எனக்குத் தெரியலை. போயிருந்தாலும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டோம். அதை இப்ப யோசிச்சா ஒரு மாதிரி இருக்கு.

காலை எட்டரைக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஏஎன்-32, எண் கே-2743. கோயம்புத்தூர் சூலூரில் இருக்கிற 33ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. உள்ளே 29 பேர். ஆறு பேர் விமானக் குழு. மத்தவங்க விமானப்படை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படைக்காரர்கள். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த எட்டு சிவிலியன்களும் இருந்தாங்க. பதினொன்னே முக்கால் வாக்கில் போர்ட் பிளேரில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்பது மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், 23,000 அடி உயரத்தில் இருந்து, இடது பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்தது ராடாரில் பதிவாகியிருக்கிறது. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

ராடாரில் கடைசியாகத் தெரிந்த இடம் சென்னைக்குக் கிழக்கே சுமார் 151 நாட்டிகல் மைல். அதாவது தேட வேண்டிய இடம் ஓரளவு தெரியும். கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி எல்லாம் போச்சு. ஆழ்கடல் ஆய்வுக் கப்பல்கள் சாகர் நிதியும் சமுத்ர ரத்னாகரும் போச்சு. வாரக்கணக்கில் தேடினாங்க. ஒரு துண்டுகூடக் கிடைக்கலை. செப்டம்பர் நடுவில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு வருஷம் பின்னாடி போகணும். 2015 ஜூன் 8. சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று இதே வங்கக் கடலில் காணாமல் போனது. மூணு பேர். அதுவும் முதலில் சுவடே இல்லாமல்தான் போனது. ஆனா அதில் தண்ணிக்கடியில் சிணுங்கும் ஒரு கருவி இருந்தது. விமானம் மூழ்கினதும் தானாக உயிர்பெற்று, பேட்டரி தீரும்வரை, ஏறக்குறைய ஒரு மாசம், ஒலி அனுப்பிக்கிட்டே இருக்கும். ஜூலை முதல் வாரத்தில், கிட்டத்தட்ட கடைசி மூச்சில், ஐஎன்எஸ் சிந்துத்வஜ் நீர்மூழ்கியின் காதில் அந்தச் சிணுங்கல் விழுந்தது. அதைப் பிடிச்சுக்கிட்டே போய், சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டியை எடுத்தாங்க.

கே-2743இல் அந்தக் கருவி இல்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அவசரத் தகவல் அனுப்பும் கருவி இருந்தது, ஆனா அது தண்ணிக்கு மேல இருந்தால்தான் செயற்கைக்கோளோடு பேசும். மலையில் விழுந்தால் உதவும். கடலில் மூழ்கினால் ஊமை.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்தச் சிணுங்கல் கருவி இருந்திருந்தாலும் கட்டாயம் கிடைச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். டோர்னியர் இருந்தது 1,000 மீட்டரில். இது இருந்தது அதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆழத்தில். அவ்வளவு ஆழத்திலிருந்து வர்ற ஒலியைப் பிடிக்கக் கிட்டத்தட்ட அதன் நேர் மேலேயே போகணும். யாரையும் அது காப்பாத்தியிருக்காது என்பதும் உண்மை. ஆனா ஏழரை வருஷக் காத்திருப்பைக் குறைச்சிருக்கலாம். காத்திருந்தவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஏழரை வருஷம்னு ஏன் சொன்னேன்? இனி நம்ம ஊர் ரோட்டுக்கு வரணும்.

தாம்பரம் – வேளச்சேரி மெயின் ரோடு. மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணை, நாராயணபுரம். சதுப்பு நிலத்துப் பக்கம் ட்ராஃபிக்கில் மாட்டிக்கிட்டு நிக்கும்போது ஒரு கேம்பஸ் கண்ணில் படும். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், என்ஐஓடி. 1993இல் தொடங்கினது. நான் ரொம்ப நாள் அதை ஏதோ தண்ணீர் வாரிய ஆபீஸ்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க.

அவங்ககிட்ட ஓஎம்இ-6000 என்று ஒரு தானியங்கி நீரடி வாகனம் இருக்கு. ஆள் இல்லாமல், கயிறு இல்லாமல், 6,000 மீட்டர் ஆழம் வரைக்கும் தானே போய்த் தரையைப் படம் பிடிச்சுக்கிட்டு வரும். அதை வாங்கினது விமானம் தேட இல்லை. நடு இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில் உருளைக்கிழங்கு சைஸில் கனிம முடிச்சுகள் கொட்டிக் கிடக்கு. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், தாமிரம். அதைத் தேடத்தான் வாங்கினாங்க. எலைட் விளையாட்டுல எரிகல்லுக்குள்ள தாது தேட ஆளில்லா ட்ரோன் விடுவோமே, அதுக்குத் தூரத்து அண்ணன்.

அந்த வாகனம் காணாமல் போன ஏஎன்-32 இருக்கக்கூடும் என்று கருதிய இடத்தில் இறக்கப்பட்டது. 3,400 மீட்டர் ஆழம். ஒலி அலைகளால் தரையை வரைபடமாக்கி, அப்புறம் புகைப்படமும் எடுத்தது. 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: படங்களில் இருக்கும் சிதைவுகள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, ஆகவே இது கே-2743 ஆக இருக்கக்கூடும்.

அந்த அறிவிப்பில் இடம், சென்னைக் கரையிலிருந்து 140 நாட்டிகல் மைல், ‘சுமார் 310 கி.மீ.’ என்று போட்டிருந்தது. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 260தான் வருது. ஏன் இந்த வித்தியாசம்னு நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன், அது என் வியாதி, விடுங்க. முக்கியமான விஷயம் என்னன்னா, 2016இல் ராடார் கடைசியாகக் காட்டிய இடத்துக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்லை. இடம் ஏறக்குறைய தெரிஞ்சேதான் இருந்தது. மூணரைக் கிலோமீட்டர் தண்ணிக்குக் கீழே பார்க்கிற கண்தான் அப்போ இல்லை.

விமானம் கிளம்பின ஓடுதளத்துக்கும், அதைக் கண்டுபிடிச்ச வாகனத்தோட வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் தெரியுமா? பைக்ல, மேடவாக்கம் சந்திப்பில் மாட்டாமல் இருந்தால், அரை மணி நேரம். ரெண்டும் ஒரே ரோட்டில் வர்ற ஊர்கள். நம்ம தென்சென்னைப் புறநகர்னா ஐடி பார்க்கும் அபார்ட்மென்ட்டும்னு ஒரு பேச்சு இருக்கு. இந்தக் கதை தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு அந்த ரோடு வேற மாதிரி தெரியுது.

சிதைவு கிடைச்சது நிம்மதியா? அது அந்த 29 குடும்பங்கள் சொல்ல வேண்டியது. நான் பதில் சொல்றது சரியில்லை.

இன்னொரு கொடுமையும் இருக்கு. 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாச்சலத்தின் மேச்சுகாவுக்குப் போன ஏஎன்-32 மலைக்காட்டில் விழுந்தது. 13 பேர். சிதைவைக் கண்டுபிடிக்க எட்டு நாள். மலைக்காகவே பிறந்த விமானம், மலையில் விழுந்தும் உடனே கிடைக்கலை. அப்பவும் பழைய தலைமுறை அவசரக் கருவி பற்றிக் கேள்வி எழுந்தது. ஒரு விமானத்தை முப்பது நாற்பது வருஷம் ஓட்டும்போது, என்ஜினையும் இறக்கையையும் பராமரிச்சா மட்டும் போதாது. நடுவுல சோவியத் யூனியனே இல்லாமல் போச்சு. 2009இல் உக்ரைனோட ஒப்பந்தம் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஏஎன்-32களை மேம்படுத்தத் தொடங்கினாங்க. கொஞ்சம் கீவில், மிச்சம் கான்பூரில். 2014இல் அங்கே சண்டை ஆரம்பிச்சதும் உதிரிபாகம் வர்றதே பெரிய பாடாச்சு. விளையாட்டுல கலம் செஞ்ச கம்பெனி இருக்கிற நாடு ரெண்டா உடையாது, அதனால நம்ம ஷீட்ல அதுக்கும் காலம் இல்லை.

இப்போ கதை திரும்ப முதல் பக்கத்துக்கு வந்திருக்கு. 2022 டிசம்பரில் விமானப்படை புது நடுத்தர சரக்கு விமானத்துக்காக உலக நிறுவனங்களிடம் விவரம் கேட்டது. இந்தத் தடவை கேட்ட சுமை 18 முதல் 30 டன். பிரேசிலின் எம்ப்ரேயர் சி-390, அமெரிக்காவின் சி-130ஜே, ஐரோப்பாவின் ஏ400எம் எல்லாம் பேச்சில் அடிபட்டன. கவனிங்க, 1984இல் 6.7 டன் சுமந்தாலே நடுத்தரம். இப்போ அதன் மூணு மடங்கு சுமந்தால்தான் நடுத்தரம். மலைக்கு இப்போ அரிசியும் மண்ணெண்ணெயும் மட்டும் போகலை, டாங்கியும் போகணும். நம்ம நாட்டுல உருவாக்கின ஸோராவர் இலகு டாங்கியே 25 டன். ஆக, நடுத்தரம் என்ற சொல் வளர்ந்துக்கிட்டே போகுது, தௌலத் பேக் ஓல்டி ஓடுதளம் மட்டும் அதே 16,614 அடியில் இருக்கு.

இந்தப் புது மதிப்பீட்டுப் படிவத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் போறதில்லை. ஆனா அதில் டன், தூரம், ஓடுதள நீளம் எல்லாத்துக்கும் கீழே, ‘கடலில் விழுந்தால் எத்தனை நாளில் கண்டுபிடிக்கலாம்?’ என்று ஒரு வரி இருக்கணும்னு ஆசைப்படுறேன். ஏன்னா எந்த விமானம் வந்தாலும் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஒருநாள் அது போகத்தான் போகுது.

கடைசியா, என் டைப்-7 என்ன ஆச்சுன்னு கேக்குறவங்களுக்கு: வித்துட்டேன், நஷ்டத்துக்கு. 2024 ஆகஸ்டில் அதே லேகான் பெயரில் டைப்-8 என்று ஒண்ணு விளையாட்டுக்குள்ள வந்தது. டைப்-7ஐ விட அதிகமாகவே சுமக்கும், நடுத்தர மேடையிலும் இறங்கும். என்னை மாதிரி ஏமாந்தவங்க போட்ட சத்தம் யார் காதிலோ விழுந்திருக்கணும். இப்போ அதில்தான் காபி விக்கிறேன். என் ஷீட்டில் புதுசா ரெண்டு காலம் சேர்த்திருக்கேன். ஃப்ரெண்டு அதைப் பார்த்துட்டு, “ரெண்டாவது காலத்துல எல்லாக் கலத்துக்கும் அஞ்சு சதவிகிதம்னுதானே வருது, அதை எதுக்குடா தனியா எழுதுற?” என்றான். இருக்கட்டும்டா என்றேன்.

தாம்பரம் தளம் பத்தி, அந்தமான் கூரியர் விமானம் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கதை இருந்தா கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.